கூரத்து நடராஜருக்கு அணு தெரியுமா?

உங்கள் செல்போனுக்கும் அந்தச் செய்தி ஒருமுறையாவது வந்திருக்கும். உலகத்தின் பெரிய அணு ஆராய்ச்சிக் கூடத்தில் நம் நடராஜர் நிற்கிறார், அணுவின் நடனத்தை நம் முன்னோர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள், வெள்ளைக்காரன் இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறான்... இப்படிப் போகும். கடைசியில், 'பெருமையாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு' என்று ஒரு மிரட்டல் வேறு!

நடராஜர் அங்கே நிற்பது உண்மைதான். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில், சுமார் 2 மீட்டர் உயரத்தில் கம்பீரமான சிலை. 2004 ஜூன் 18-ம் தேதி திறந்துவைத்தார்கள். ஆனால், அந்த விஞ்ஞானிகள் வியந்துபோய் தேடி வந்து வாங்கிய சிலை அல்ல அது. 1960-களிலிருந்து செர்னோடு இந்தியாவுக்கு இருக்கும் உறவைக் கொண்டாட நம் அரசாங்கம் கொடுத்த பரிசு. கல்யாணத்துக்கு நாம் கொடுத்த குத்துவிளக்கை அவர்கள் வீட்டு ஷோகேஸில் பார்த்துவிட்டு, 'பார்த்தியா, நம்ம விளக்கோட மகிமை தெரிஞ்சு வாங்கி வெச்சிருக்காங்க' என்று சொன்னால் எப்படி?

எதிர்ப்பக்கத்துக் கூத்தும் உண்டு. 2016-ல், அதே சிலைக்கு முன்னால் நள்ளிரவில் நரபலி நடப்பதுபோல ஒரு வீடியோ கிளம்பியது. யாரோ விளையாட்டாகச் செய்த நாடகம். செர்ன் நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்குள், 'அழிக்கும் கடவுளை வைத்துக்கொண்டு உலகத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்' என்று மேல்நாட்டு மதவாதிகள் சிலர் அலற ஆரம்பித்திருந்தார்கள். பக்தியோ பயமோ, சிலையை நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் குறைவு.

அந்தச் சிலையின் பக்கத்தில் இருக்கும் பலகை இரண்டு பேரைத் துணைக்கு அழைக்கிறது. ஒருவர் ஃப்ரிட்ஜாஃப் கேப்ரா. வியன்னாவில் டாக்டர் பட்டம் வாங்கிய இயற்பியலாளர். 1975-ல் 'தாவோ ஆஃப் ஃபிஸிக்ஸ்' எழுதி உலகப் புகழ் அடைந்தவர். கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, தன்னைச் சுற்றி அணுத்துகள்கள் நடனமாடுவதை உணர்ந்ததாகவும், அதுதான் சிவனின் நடனம் என்று தோன்றியதாகவும் எழுதினார். அவர் சொன்னது ஓர் உவமை. அது கப்பலேறி நம்மூருக்கு வந்ததும் 'ஆதாரம்' ஆகிவிட்டது!

இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. இவர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1877-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா, முத்து குமாரசுவாமி என்ற யாழ்ப்பாணத் தமிழர். அம்மா ஆங்கிலப் பெண்மணி. மகன் படித்தது கலையும் இல்லை, சமயமும் இல்லை. நிலவியல்! இலங்கையில் கனிமவள ஆய்வுக்குத் தலைமை ஏற்று, பாறை பாறையாகத் தட்டிக்கொண்டு திரிந்தார். அப்போது அவர் கையில் கனமான, கறுப்பான ஒரு கனிமம் சிக்கியது. ஆராய்ந்து பார்த்தால் தோரியம் நிறைந்த கதிரியக்கக் கனிமம். 1904-ல் அதற்கு 'தோரியனைட்' என்று பெயர் வைத்தார்கள். அதே மனிதர்தான் 1912-ல், 'சித்தாந்த தீபிகா' பத்திரிகையில் சிவ நடனம் பற்றி அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். நடராஜரை உலகத்துக்கே அறிமுகம் செய்த எழுத்து அது.

கதிரியக்கக் கனிமத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர், சிவ நடனத்துக்குப் பொருள் சொல்ல எங்கே போனார்? உண்மை விளக்கம், திருமந்திரம் போன்ற தமிழ்ச் சைவ நூல்களுக்கு. உடுக்கை படைத்தல், அபயக்கை காத்தல், தீ அழித்தல் என்று நாம் இன்று ஒப்பிக்கும் விளக்கம் அங்கிருந்து வருவதுதான். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று... உண்மை விளக்கம் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடராஜர் வெண்கலமோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

எவ்வளவு மூத்தது? அதற்குக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்துக்குப் போகவேண்டும். இல்லையில்லை... எழும்பூருக்குப் போகவேண்டும்!

கூரம் சின்ன கிராமம். வைணவர்களுக்கு அது ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த மண். சரித்திரக்காரர்களுக்கு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயில் உள்ள ஊர். பல்லவர்கள் குடைவதை விட்டுக் கல்லை அடுக்கிக் கட்டத் தொடங்கியபோது எழுந்த ஆரம்பக் கோயில்களில் ஒன்று. பின்பக்கம் யானை படுத்ததுபோல வளைந்த தூங்கானை மாடம். அந்தக் கூரத்திலிருந்து கிடைத்த நடராஜர் வெண்கலம் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பல்லவர் காலத்துப் படைப்பு என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு.

அதைப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட வரலாம். காலண்டரில் பார்த்துப் பழகிய தோற்றம் அதில் இல்லை. தூக்கிய கால் உடம்புக்குக் குறுக்கே வீசப்படவில்லை. முழங்கால் மேலே எழும்பி நிற்கிறது. ஊர்த்துவஜானு என்பார்கள். ஆனந்த தாண்டவம் என்ற ஒரே நிலை எல்லோர் மனசிலும் பதிவதற்கு முன்னால், சிற்பிகள் பல விதமாக முயன்று பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கால் சாட்சி. 1999-ல் பத்மா கைமால் என்ற கலை வரலாற்று அறிஞர் இதையே கேட்டார்: குமாரசுவாமி காட்டும் தத்துவ நூல்கள் பிற்காலத்தவை. அந்தப் பொருள் முதல் நாளிலிருந்தே சிலைக்குள் இருந்ததா? செம்பியன் மாதேவி காலத்தில் இந்த உருவம் சோழர்களின் முத்திரை போலவே ஆனதே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

ஆகக்கூடி, வெண்கலம் பல்லவர் காலத்தில். தத்துவ விளக்கம் 13-ம் நூற்றாண்டில். உலகப் புகழ் 1912-க்குப் பிறகு. அணு 1975-ல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய சுண்ணாம்பை எல்லாம் சேர்த்து, 'இதுதான் சுவர்' என்கிறோம்!

அப்படியானால் நடராஜருக்கும் இயற்பியலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. பிரமாதமாக இருக்கிறது. ஆனால், அது சிலையின் தத்துவத்தில் இல்லை, உலோகத்தில்.

சுவாமிமலை ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் சுவாமியைச் செய்வார்கள். விரல் நகம், மேகலை மடிப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். மேலே காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைக்கவேண்டும். ஆக, ஓர் அச்சுக்கு ஒரே சாமிதான்.

சரி, எவ்வளவு உலோகம் உருக்குவது? குறைந்தால் கை விரல் வராது, சிலையே வீண். அதற்குத்தான் மெழுகு உருவத்தை முதலில் எடை போட்டுவிடுகிறார்கள். வெண்கலத்தின் அடர்த்தி மெழுகைப்போல ஏறக்குறைய 9 மடங்கு. எடையைப் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த 'மானசோல்லாசம்', எந்த உலோகத்துக்கு மெழுகைப்போல எத்தனை மடங்கு என்று எழுதியே வைத்திருக்கிறது. பட்டறையில் பிறந்த, தராசில் சரிபார்த்த அறிவு இது. இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். உலோகம் அச்சுக்குள் நன்றாக ஓட, சிற்பிகள் ஈயம் சேர்த்தார்கள். இயற்கையில் ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. அவற்றில் இரண்டு யுரேனியம் சிதைவதாலும், ஒன்று தோரியம் சிதைவதாலும் கோடானுகோடி ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வருபவை. அதனால், ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு விகிதம். ஐ.ஐ.டி-யில் பொறியியல் இயற்பியல் படித்தவரும், பரதநாட்டியக் கலைஞருமான சாரதா சீனிவாசன் இந்தக் கைரேகையைத்தான் பிடித்தார். லண்டனில் செய்த டாக்டர் பட்ட ஆய்வில், சுமார் 130 தென்னிந்தியப் படிமங்களிலிருந்து கடுகளவு உலோகம் எடுத்து ஆராய்ந்தார். ஒரே காலத்து, ஒரே வட்டாரத்துச் சிலைகள் உலோகக் கலவையிலும் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தன. சோழர் காலம் என்று நினைத்திருந்த நடராஜர் சிலரின் உலோகம், பல்லவர் குடும்பத்தோடு போய் நின்றது! ஆனந்த தாண்டவ வெண்கலமே பல்லவர் காலத்தில் தொடங்கியிருக்கவேண்டும் என்று 2004-ல் கட்டுரை எழுதினார். செர்னில் சிலை திறந்த அதே வருஷம். எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால், மறுக்க நினைப்பவர்களும் உலோகத்தை அளந்துதான் மறுக்கவேண்டும். அதுதான் வித்தியாசம்.

தோரியக் கனிமத்தைக் கண்டெடுத்தவர் சிவ நடனத்துக்குப் பொருள் எழுதினார்; தோரியத்தில் பிறந்த ஈயம் அந்தச் சிவனுக்கு வயசு சொல்ல உதவுகிறது. இதைவிட நல்ல கதை வேண்டுமா நமக்கு?

வேண்டும் என்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மேகநாத சாஹாவுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். டாக்கா பக்கத்தில் சின்ன மளிகைக் கடைக்காரருக்கு 1893-ல் மகனாகப் பிறந்து, நட்சத்திர ஒளியை வைத்து அங்கே இருக்கும் வெப்பத்தைக் கணக்கிட வழி சொன்ன மாமேதை அவர். 1920-ல் வந்த அவருடைய சமன்பாடு இன்றும் வானியல் பாடம். ஊருக்கு வந்தபோது ஒரு பெரியவர், வக்கீல், 'என்ன கண்டுபிடித்தாய்?' என்று கேட்டார். சாஹா ஆர்வமாக விளக்க விளக்க, 'இதில் என்ன புதுசு? எல்லாம் வேதத்தில் இருக்கிறதே' என்றாராம். எந்த இடத்தில் என்று கேட்டால், அவர் வேதத்தைப் படித்ததே இல்லை! பாண்டிச்சேரி ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராயுடன் நடந்த விவாதத்தில், 1939-ல் சாஹா இதைப் பதிவு செய்தார். கூடவே, இருபது வருஷமாகத் தான் அந்த நூல்களை உட்கார்ந்து படித்துப் பார்த்ததாகவும், நவீன விஞ்ஞானம் அங்கே இல்லை என்றும் சொன்னார். வக்கீலைவிட வேதத்துக்கு அதிக மரியாதை செய்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

சாஹா காலத்தில் அது வங்காளத்து வெற்றுப் பேச்சு. பிறகு அது அரசியலாகவும் ஆனது. மேல்நாட்டுப் படிப்பாளிகள் ஃபேஷனாகப் பேசிய 'எல்லா அறிவும் சமம்தான்' வாதம், இங்கே மதத் தேசியவாதிகள் கையில் 'வேத விஞ்ஞானம்' என்ற ஆயுதமாகிறது என்று மீரா நந்தா 2003-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாமும் சளைத்தவர்கள் இல்லை. தில்லை நடராஜரின் கால் கட்டைவிரல் பூமியின் காந்த மையத்தில் ஊன்றியிருக்கிறதாம்! காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. அதற்கு 'மையப் புள்ளி' கிடையாது. தவிர, அது சிதம்பரத்துக்கு நன்றாகத் தெற்கே, தீபகற்பத்தின் நுனிப்பக்கம் போகிறது. வருஷா வருஷம் நகரவும் செய்கிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கம் என்பதால்தான் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் விட்டார்கள். அங்கே மாதா கோயில்தான் விஞ்ஞானிகளுக்கு ஆபீஸ்.

கூரத்துக்குத் திரும்புவோம். பழைய ஆவணத்தை எப்படிப் படிப்பது என்பதற்கும் அந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. 1890-ல் ஹுல்ஷ் பதிப்பித்தது. அதன் முதல் பாதி சமஸ்கிருத மெய்க்கீர்த்தி. பிரம்மாவில் தொடங்கி, துரோணர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவ வம்சம் இறங்குகிறது. தாத்தா நரசிம்மவர்மன், புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்று எழுதினானாம். பேரன் பரமேசுவரன், லட்சக்கணக்கில் படை வைத்திருந்த விக்கிரமாதித்தனைக் கந்தலோடு ஓடவிட்டானாம். நல்லது. ஆனால், அதே விக்கிரமாதித்தன் 674-ல் வெளியிட்ட கத்வால் செப்பேட்டைப் பிரித்தால், காஞ்சியைப் பிடித்தவன் அவன்! இரண்டு பேரும் ஜெயித்த போர்.

அடுத்து தானத்தின் விவரத்துக்கு வந்ததும் செப்பேட்டின் குரலே மாறிவிடுகிறது. கணக்குப்பிள்ளை பேச ஆரம்பிக்கிறார். தமிழும் வருகிறது. பாலாற்றிலிருந்து பரமேசுவர தடாகத்துக்குத் தோண்டிய கால்வாய், அதன் பெயர் பெரும்பிடுகு. பேரிடி என்று அர்த்தம். தெலுங்கில் இன்றும் இடிக்குப் பிடுகுதான். ஆற்றுத் தண்ணீர் ஏரிக்குத் தானாக ஏற வேண்டுமானால், ஆற்றில் மேலே எங்கேயோ, ஏரியைவிட உயரமான இடத்தில் வாய் வெட்டவேண்டும். ஆற்றைவிடக் குறைந்த சரிவில் கால்வாயை நடத்திவரவேண்டும். சரிவு கூடினால் கரை அரிக்கும். குறைந்தால் மணல் அடைக்கும். பம்புசெட் இல்லாத ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் அந்த மட்டத்தைப் பார்த்து, மண்வெட்டிக்காரர்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

தானம் கொடுத்த ஊரை 25 பங்காகப் பிரித்ததையும் செப்பேடு சொல்கிறது. கோயில் பூஜைக்கும் பணிக்கும் 3. மண்டபத்தில் தண்ணீருக்கும் தீக்கும் 1. அங்கே பாரதம் வாசிக்க 1. நான்கு வேதம் அறிந்த இருபது பிராமணர்களுக்கு 20. கணக்கு முடிந்துவிட்டது. பெரும்பிடுகுக்கு மட்டம் பார்த்தவருக்கும், கூடை சுமந்தவர்களுக்கும் அதில் பங்கும் இல்லை, பெயரும் இல்லை.