மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பினால்

இன்னைக்கு நாம பேசப்போறது பழைய கார்களில் இருக்கும் ஓடோமீட்டரைப் பற்றி. 1960களில் வந்த ஓர் அமெரிக்கக் கார் விற்பனைக்கு வருது. ஐந்து இலக்க மீட்டரில் 23,000 மைல்னு காட்டுதுன்னு வைங்க. அது உண்மையிலேயே அவ்வளவுதான் ஓடியிருக்கலாம். 99,999ஐத் தாண்டி, எல்லா எண்களும் பூஜ்யமாகி, மறுபடியும் 23,000 வந்திருக்கலாம். இல்லேன்னா யாராவது கைவைச்சிருக்கலாம். மீட்டரை மட்டும் பார்த்து இந்த மூன்றில் எதுன்னு சொல்லவே முடியாது.

தூரத்தை எண்ணும் கருவி காரைவிட ரொம்பப் பழசு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரிக்கிறார். சக்கரம் ஒரு சுற்றுக்கு 12½ அடி போகும். 400 சுற்று முடிந்தால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். உடனே ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும். சாயங்காலம் கல்லை எண்ணினால் கணக்கு வந்துடும். இதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது இதுதான்: நாலு கல்லை எடுத்துட்டா நாலு மைல் காணாமப் போயிடுமே!

காரிலும் நடந்தது அதுதான். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் எண் உருளைகளைச் சுழற்றும். மீட்டரைக் கழற்றி உருளைகளை நகர்த்தினால் கார் 'இளமை'யாகிடும். ஓடின தூரத்தை வைத்துத்தான் விலையையும் பாதுகாப்பையும் வாங்குறவங்க கணிக்கிறாங்க. அதனால 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் மீட்டரைத் திருப்புவதைச் சட்டப்படி தடை செய்தது.

1986இல் 'ஃபெரிஸ் புல்லர்ஸ் டே ஆஃப்' படம் வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போன பழைய ஃபெராரியை ரிவர்ஸ் கியரில் ஓடவிட்டு மைலைக் குறைக்கப் பார்ப்பாங்க. மைல் குறையாது. அதே வருஷம் இன்னொரு சட்டமும் வந்தது. கார் கைமாறும்போது, உரிமைப் பத்திரத்திலேயே மைலை எழுதணும் என்றது அது.

பழைய கார்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் பழசான காருக்கு மைலை எழுதித் தர வேண்டியதில்லை. 2011 மாடலிலிருந்து அந்த வரம்பு இருபது வருஷம். ஆனால் மீட்டரைத் திருப்பக் கூடாது என்ற தடைக்கு வயது வரம்பு கிடையாது. இஞ்சின் முதல் பெயின்ட் வரை புதுப்பிச்சாச்சு, மீட்டரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கட்டுமேன்னு ஆசைப்படுறவங்க இதைக் கவனிக்கணும்.

பூஜ்யம் வைக்கவே முடியாதா? ஒரு வழி இருக்கு. மீட்டரைப் பழுது பார்க்கும்போதோ மாற்றும்போதோ பழைய எண்ணை அப்படியே வைக்க முடியலைன்னா, பூஜ்யத்தில் வைக்கணும். கூடவே இடது கதவுச் சட்டத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டணும். அதில் முன்பு இருந்த மைலும் வேலை நடந்த தேதியும் இருக்கணும். அதைக் கிழிப்பதும் குற்றம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடிச்சது அந்தச் சின்னக் காகிதம்தான். பழுதான மீட்டர் பூஜ்யத்துக்குப் போகலாம், அதில் தப்பில்லை. அதுக்கு முன்னாடி எவ்வளவு ஓடியதுன்னு அடுத்து வாங்குறவருக்குத் தெரியணும், அவ்வளவுதான். பழைய கார் பார்க்கப் போறீங்கன்னா மீட்டரோட நிறுத்தாதீங்க, கதவையும் திறந்து பாருங்க.