'சைக்கிள்' போட்டா பாடி ஏறுமா? ஏறும்... அப்புறம்? - ஜிம் ஊசிகளின் முழுக் கணக்கு

பாப்பாரப்பட்டியில் ஒரு பையன் வீட்டில், "அடுத்த வாரம் சைக்கிள் ஆரம்பிக்கிறேன்பா" என்று சொன்னால், "பிரேக் சரியா இருக்கானு பார்த்துக்கடா" என்றுதான் அப்பா சொல்வார். ஜிம் பாஷையில் அந்தச் சைக்கிளே வேற. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை அனபாலிக் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுப்பதற்குப் பெயர் 'சைக்கிள்'. ரெண்டு மூணு மருந்தைச் சேர்த்துப் போட்டால் 'ஸ்டேக்'. எதையும் தொடாதவர் 'நேச்சுரல்'. சில ஜிம்களில் இது கொஞ்சம் கேலியான வார்த்தையும்கூட.

ஆணழகன் மேடை ஆசை மட்டும்தான் நம்ம பசங்களை இந்தப் பக்கம் இழுக்குதுனு நினைக்க வேண்டாம். தருமபுரி மாவட்டம் மாதிரி இடங்களில் ஜிம் சேர்கிற பலருக்கு மனசுல இருப்பது காக்கி யூனிஃபார்ம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குச் சாதாரண மார்பளவு 81 செ.மீ இருக்கணும், மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 செ.மீ விரியணும். டேப் வைக்கிற அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சுப் பயப்படுற பையன்கிட்ட, "ஒரே ஒரு சைக்கிள் போடு ப்ரோ, தேதிக்குள்ள செஸ்ட் வந்துடும்" என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாட்டியின் ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதும் ஸ்டீராய்டு வேறு. அது வீக்கத்தைக் குறைக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு. ஜிம்மில் பேசப்படுவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதைப்போல ஆய்வகத்தில் செய்த மருந்துகளும்: நாண்ட்ரோலோன், ஸ்டனோசோலோல், டயனபால் என்கிற மெத்தாண்டியனோன். ட்ரென்போலோன் என்று ஒன்று சுத்துதே, அது அமெரிக்காவில் இறைச்சி மாடுகளைக் கொழுக்க வைக்கப் பயன்படுத்துவது. மனிதர்களுக்கென்று அனுமதியே இல்லாத மருந்து. வே புரோட்டீன் பவுடர் ஸ்டீராய்டு அல்ல, பாலிலிருந்து எடுக்கும் புரதம்தான். ஆனால், லேபிள் இல்லாத டப்பாவில் வரும் 'ஸ்பெஷல் பவுடர்'ல என்ன கலந்திருக்குனு விற்கிறவருக்கே தெரியாது.

வேலை செய்யும்... அதுதான் சிக்கல்

"ஸ்டீராய்டு போட்டா ஒண்ணும் வராது, வெறும் தண்ணிதான்" என்று பயமுறுத்துகிறவர்களைப் பசங்க நம்புவதில்லை. நம்பாததில் நியாயமும் இருக்கிறது. 1996-ல் ஷாலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தது. 43 ஆண்கள், 10 வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன். ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்குச் சராசரியாக 3 கிலோவுக்கு மேல் கொழுப்பில்லாத எடை கூடியது. ஊசி இல்லாமல் வியர்வை சிந்தி வெயிட் தூக்கியவர்களுக்குக் கூடியதோ சுமார் 2 கிலோதான். ரெண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ!

படிக்கவே எரிச்சலாக இருக்கும் கணக்கு இது. ஆனால், இதை மறைத்துவிட்டுப் பேசினால் மீதியை யாரும் கேட்கப்போவதில்லை.

மீதி இதுதான். ஆரோக்கியமான ஆணின் உடல் ஒரு நாளைக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் சில மில்லிகிராம்தான். ஜிம்மில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் 'வாரம் 500' என்பது அதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. வீட்டில் போர் மோட்டார் இருக்கு, டேங்க் நிறைஞ்சா தானா நிற்கிற சுவிட்சும் இருக்குனு வெச்சுக்கோங்க. வெளியிலிருந்து லாரித் தண்ணியை ஊற்றி டேங்கை எந்நேரமும் நிரப்பியே வைத்தால் மோட்டார் ஓடவே ஓடாது. மாசக்கணக்கில் கிடந்தால் ஜாம் ஆகிவிடும். உடம்பிலும் அதே கதை. ரத்தத்தில் ஹார்மோன் வழிவதைப் பார்த்து மூளை, விதைப்பைக்கு அனுப்பும் சிக்னலை நிறுத்திவிடுகிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது.

இது சும்மா மிரட்டல் இல்லை. டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990-ல் வெளியான முடிவுப்படி, வாரம் 200 மி.கி ஊசி போட்டுக்கொண்ட 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம். ஜிம் டோஸ் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். ஆனால் மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், சிலருக்குப் பழைய நிலைக்கு வராமலும் போகலாம். கல்யாணப் பேச்சு நடக்கிற வயசுல இது எப்படிப்பட்ட தலைவலினு விளக்க வேண்டியதில்லை.

அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. ஊசியும் இல்லை, உடம்பும் சொந்தமாகச் சுரக்கவில்லை. ஏறின சைஸ் இறங்கும், சோர்வு, எதிலும் பிடிப்பில்லாத மனசு, தாம்பத்திய ஆசையே இருக்காது. சிலருக்குத் தற்கொலை எண்ணம்வரை போகும். கண்ணாடியைப் பார்த்துப் பதறி அடுத்த சைக்கிளுக்கு ஓடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் ஓடுகிறார்கள். 'ஒரே ஒரு சைக்கிள்' ஒன்றோடு நிற்காததற்கு இதுதான் காரணம்.

இதயம் வலிக்காது

பரு, முடி கொட்டுவது, ஆணுக்கு மார்பகம் வளர்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெண்களுக்குக் குரல் தடித்தால் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் திரும்பாது. வளர்கிற வயசுப் பையன்களுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடலாம். காவலர் தேர்வுக்கு உயரமும் அளப்பார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளை வீழ்த்துவது. நல்ல கொழுப்பு சரியும், கெட்ட கொழுப்பு ஏறும், ரத்தம் கெட்டியாகும், இதயத் தசை தடிக்கும். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஸ்டீராய்டு எடுத்த 86 பளுப் பயிற்சியாளர்களையும் எடுக்காத 54 பேரையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், எடுக்காதவர்களுக்குச் சராசரியாக 63 சதவிகிதம், எடுத்தவர்களுக்கு 52. இதில் ஒரு சின்ன ஆறுதல், நிறுத்தியவர்களின் இதயம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைவிடப் பரவாயில்லாமல் இருந்தது.

கல்லீரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் மாத்திரை வடிவ ஸ்டீராய்டுகள். மஞ்சள் காமாலை முதல் கட்டிவரை போகும். சிறுநீரகமும் தப்பாது. நியூயார்க் மருத்துவர்கள் பல வருடம் ஸ்டீராய்டு எடுத்த 10 பாடிபில்டர்களின் சிறுநீரகத் திசுவைச் சோதித்தபோது, 9 பேருக்கு வடிகட்டும் பகுதியில் தழும்பு விழுந்திருந்தது.

தூரத்து ஊர்க்கதை என்று தோன்றினால், 2023 தொடக்கத்தில் ஆவடி பக்கத்தில் ஓர் இளம் ஜிம் பயிற்சியாளர் ரத்த வாந்தி எடுத்து இறந்த செய்தியைத் தேடிப் பாருங்கள். ஆணழகன் போட்டிக்காக எடுத்த ஸ்டீராய்டு என்றே செய்திகள் சொல்லின. பிடிபட்டால் பறிபோவது இன்னொரு வகை. திருச்சி மாவட்டத்து கோமதி மாரிமுத்து 2019 ஆசிய தடகளத்தில் 800 மீட்டரில் தங்கம் வாங்கியதை ஊரே கொண்டாடியது. நாண்ட்ரோலோன் சார்ந்த பொருள் பரிசோதனையில் தெரிந்ததால் நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். ஊக்கமருந்து விதியில் அந்த வாதம் சுலபத்தில் எடுபடாது. உடம்பில் இருந்தது என்றாலே பொறுப்பு விளையாட்டு வீரருடையதுதான்.

காவலர் தேர்வுக்கே திரும்புவோம். மார்பளவில் தேறினாலும், 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடணும், கயிறு ஏறணும். ஊசியால் ஏறிய எடையையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த 5 செ.மீ விரிவுக்கு வேண்டியது மூச்சுப் பயிற்சியும், தண்டாலும், சில மாதப் பொறுமையும்தான். சாப்பாட்டுக்கும் எங்கேயும் போக வேண்டாம். தருமபுரிக் களியோடு அவரை, கொள்ளு, முட்டை, வறுத்த கடலை. 100 கிராம் கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம். 1952-ல் குள்ளர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற மனோகர் ஐச், பழைய சோற்றை விரும்பிச் சாப்பிட்ட வங்காளி. 104 வயது வாழ்ந்தார். டயனபால் சந்தைக்கு வந்ததே 1958-ல்தான்!

ஏற்கெனவே போட்டுட்டேன் ப்ரோ...

திட்டு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வாரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர், போலீஸ் அல்ல. ஊசியைப் பகிர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பரிசோதனை தேவைப்படும். மனசு ரொம்ப இருட்டினால் 14416-க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

ரத்தப் பரிசோதனைக்கு முன் சில நாள் வெயிட் தூக்க வேண்டாம். கடும் பயிற்சியாலேயே கல்லீரல் என்சைம்கள் ஏறிக்காட்டும். தசை அதிகமானவர்களுக்கு கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்கணும் என்றால் காலை 10 மணிக்குள் ரத்தம் கொடுத்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் அது இயல்பாகவே இறங்கும்.