வாசற்படியில் எழுதப்படும் சட்டம்

புத்தளம் கரையோரத்தாருக்குக் கடல்வழிக் கடத்தல் புதிய செய்தியன்று. கற்பிட்டிப் பக்கத்தில் பீடி இலையும் கேரளக் கஞ்சாவும் கரையிறங்கிய செய்திகளைப் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது மஞ்சள் மூடைகளும் வந்தன. மஞ்சள் கறிச்சட்டியோடு முடிந்துபோகும். ஹெரோயினும் ஐஸும் அப்படி முடிவதில்லை. வீட்டுக்குள் நுழைந்து பிள்ளையை வெளியே இழுத்துப் போகின்றன. அந்தப் பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டும்போது என்ன நிபந்தனையின்பேரில் உள்ளே எடுப்பது? இக்கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

இலங்கையில் ஹெரோயின் 1980 களின் தொடக்கத்தில் பரவியது. அரசாங்கம் 1984 இல், 1929 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் திருத்திக் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதித்தது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. பாவிப்பவரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமெனத் தனிச் சட்டம் வர 2007 வரை சென்றது. அதன்படி ஒருவர் தாமாகவும் சிகிச்சைக்குச் சேரலாம். நீதிமன்ற உத்தரவின்பேரிலும் அனுப்பப்படலாம். கட்டாயத்தின் எல்லை எதுவென்பதைக் கந்தக்காடு காட்டியது. 2022 ஜூனில் அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறக்க, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர்.

சட்டம் பிள்ளையை நிலையத்தின் வாசல்வரை கொண்டுபோகிறது. வீட்டு வாசலில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே எடுத்தால் வீடு போகும், எடுக்காவிட்டால் பிள்ளை போகும் என்று என்னிடம் சொன்ன பெற்றோர் ஒருவரிருவர் அல்லர்.

இத்தவிப்பு எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1951 இல், குடிகாரர்களின் குடும்பத்தினருக்காக லோயிஸ் வில்சனும் அவரது தோழியரும் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினர். அடுத்தவரின் குடியை உங்களால் நிறுத்த முடியாது, உங்கள் வாழ்வைக் காத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் போதனை. 1982 இல் யோர்க் தம்பதியர் எழுதிய நூலொன்று 'கடுமையான அன்பு' என்ற சொல்லைப் பெற்றோரிடையே பரப்பியது. திருந்தாத பிள்ளைக்குக் கதவைச் சாத்துவதும் அன்பே என்று பலர் அதனைப் புரிந்துகொண்டனர்.

சென்னையில் வேறொரு பாதை பிறந்தது. மதுப்பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980 இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தினருக்கும் சிகிச்சைத் திட்டத்தில் இடம் வைக்கப்பட்டது. வீடு மாறாவிட்டால் திரும்பி வருபவர் பழைய இடத்துக்கே வருகிறார் என்பதே அதன் அடிப்படை.

1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சிகிச்சையை மறுத்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. நல்ல நடத்தைக்கு ஊக்கமளிக்கவும் போதைக்குத் துணைபோகாதிருக்கவும் பயிற்சி பெற்றவர்களின் வீடுகளில் 64 வீதமானோர் சிகிச்சைக்கு இணங்கினர். உறவினர் ஒன்றுகூடி நேருக்கு நேர் எடுத்துரைத்த முறையில் அது 30 வீதம்; அல்-அனான் வழியில் 13 வீதம். ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது அல்-அனானின் நோக்கமன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆகவே, நிபந்தனை வேண்டும். ஆனால் அது சாபமாக இருக்கக்கூடாது. "இனி ஒருபோதும் தொடமாட்டேன்" என்று குர்ஆன்மீதோ சிலுவைமீதோ வாங்கும் சத்தியம் நிபந்தனையாகாது. அதனை மீறிய மறுநாளே பொய் தொடங்கிவிடும். பெற்றோரால் கண்காணிக்கக்கூடியவை சிலவே போதும். வீட்டுக்குள் போதைப்பொருளோ அதன் கூட்டாளிகளோ வரக்கூடாது. கையில் காசு கொடுக்கப்படமாட்டாது. சிகிச்சைத் தவணை தவறக்கூடாது. தங்கையின் நகையும் தகப்பனின் வலையும் இயந்திரமும் பூட்டில் இருக்கும். மீறினால் என்ன நடக்கும் என்பதும், அவன் உள்ளே வருமுன், தெளிந்த நேரத்தில் பேசப்பட வேண்டும். தாயும் தகப்பனும் ஒரே பேச்சாக நிற்க வேண்டும்.

மீறியவனை அன்றிரவே தெருவில் விடுவது ஹெரோயின் விடயத்தில் உயிராபத்து. சிலகாலம் நிறுத்தியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவே கொன்றுவிடும். வீட்டில் அடி விழும், உயிருக்கு அச்சம் என்ற நிலையில் அவனை வேறிடத்தில் தங்கவைப்பது குற்றமன்று. அப்போதும் சோற்றையும் பேச்சையும் சிகிச்சைக்கான வழியையும் நிறுத்தக்கூடாது. மேற்சொன்ன சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைத்துப் பெற்றோரும் ஆலோசனை பெறலாம்.

1984 இன் சட்டம் கடத்தல்காரனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2007 இன் சட்டம் நோயாளியை மனத்தில் வைத்தது. தாய்க்கும் தகப்பனுக்கும் உரிய சட்டத்தை எந்தப் பாராளுமன்றமும் இயற்றவில்லை. அதனை அவர்களே எழுதுகிறார்கள். பிள்ளை உயிரோடிருந்து நிறைவேற்றக்கூடியதாக அதனை எழுதவேண்டும்.