மகப்பேற்றுசார் இதயத்தசை நோய்

மகப்பேற்றுசார் இதயத்தசை நோய் என்பது கருவுற்ற காலத்தின் இறுதியிலோ மகப்பேற்றை அடுத்த மாதங்களிலோ, வேறு காரணம் ஏதுமின்றி, இதயத்தின் இடது கீழறை வலுவிழப்பதால் உண்டாகும் இதயச் செயலிழப்பு ஆகும். கீழறையில் நிறையும் குருதியில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு வெளியேற்ற வீதம் எனப்படும். இந்நோயில் அது பொதுவாக 45 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும். மூச்சுத்திணறல், கால்வீக்கம், களைப்பு ஆகியன இயல்பான கருவுற்ற நிலையிலும் தோன்றுவதால் நோய் காலந்தாழ்ந்தே அறியப்படுவதுண்டு.

முன்கணிப்பு

நோய் கண்டறியப்படும்போது எடுக்கப்படும் எக்கோ பரிசோதனையின் அளவுகளே நோயின் போக்கைக் கணிக்கப் பெரிதும் உதவுகின்றன. வட அமெரிக்காவில் 100 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. ஓராண்டு முடிவில் அளவிடப்பட்டோரில் 72 விழுக்காட்டினரின் வெளியேற்ற வீதம் 50 அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தது. தொடக்கத்தில் வீதம் 30 க்குக் குறைந்தும், கீழறை 6 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தும் இருந்தோரில் எவரும் அந்நிலையை எட்டவில்லை. இவ்விரண்டும் இல்லாதோரில் 91 விழுக்காட்டினர் எட்டினர். கறுப்பினப் பெண்களிடையே மீட்சி குறைவாகவே காணப்பட்டது.

ஆயினும் வீதம் மட்டும் குறைந்திருப்பது மீட்சியின்மைக்குச் சான்றாகாது. 30 க்குக் குறைந்தோரிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் மீண்டனர். எனவே நெஞ்சில் நிலையாகப் பொருத்தும் மின்னதிர்வுக் கருவி பற்றி முடிவெடுக்குமுன் சில மாதங்கள் மருந்துச் சிகிச்சை அளித்துப் பார்ப்பது வழக்கம்.

அடுத்த கருத்தரிப்பு

வீதம் இயல்புநிலைக்குத் திரும்பாத பெண்கள் மீண்டும் கருத்தரித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்குமாறு கூறுவர். முழுமையாக மீண்டவர்களுக்கும் நோய் திரும்ப வரக்கூடும். இடர் குறைவே தவிர, இல்லாமற் போவதில்லை.