மல்போர்ட் மசோதா: ஒரு துப்பாக்கிச் சட்டத்தின் வரலாறு

சட்ட நூலொன்றைத் திறந்து பார்ப்போருக்கு அதிலுள்ள பிரிவுகள் யாவும் ஒரே தன்மையனவாகத் தோன்றும். விதி, விலக்கு, தண்டனை என்று அவை அமைதியாக வரிசையில் நிற்கும். ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மசோதாவாக இருந்ததே; யாரோ சிலருடைய அச்சமும் வேறு சிலருடைய சீற்றமும் அதனை உருவாக்கியிருத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தண்டனைச் சட்டக் கோவையில் 12031 என்னும் எண்ணைப் பெற்றிருந்து, 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மறுசீரமைப்பினால் 25850 என்னும் எண்ணுக்கு மாறிய பிரிவு அத்தகையது. பொது இடங்களில் ரவை ஏற்றிய துப்பாக்கியுடன் நடமாடலாகாது என்பதே அதன் சாரம். 1967ஆம் ஆண்டில் அது பிறந்த வரலாறு, சட்டமியற்றும் தொழிலைப் பற்றி நமக்குப் பலவற்றை உணர்த்த வல்லது.

அமெரிக்க அரசியல் யாப்பில் 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருப்பதற்கும் தாங்குவதற்கும் மக்களுக்குள்ள உரிமையைக் கூறுகின்றது. எனினும், ஆயுதத்தை எங்கே, எவ்வாறு எடுத்துச் செல்லலாம் என்பதனை நெடுங்காலமாக அந்தந்த மாநிலங்களின் சட்டசபைகளே வகுத்து வந்தன. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால், எல்லோரும் காணும்படி வெளிப்படையாக ஏந்திச் செல்வதை மாநிலச் சட்டம் தடுக்கவில்லை. அதனுள் ரவை இருப்பதும் குற்றமாகவில்லை. ஆயுதத்தை மறைப்பவனிடமே வஞ்சகம் இருக்கும், வெளிப்படையாக ஏந்துபவனுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற பழைய எண்ணம் அத்தகைய விதிகளின் அடியிலே கிடந்தது.

அந்த எண்ணத்தைச் சோதனைக்குள்ளாக்கியோர் ஹியூயி நியூட்டன், பொபி சீல் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒக்லாண்ட் நகரில் அவர்கள் கருஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவினர். பொலிஸார் தம் மக்களை அவமதிக்கின்றனர், அடிக்கின்றனர், சுடுகின்றனர் என்பதே அவர்களுடைய முதன்மையான முறைப்பாடு. நியூட்டன் சட்டத்தைக் கற்றவர். மேற்சொன்ன விதியின் எல்லையை நன்கறிந்தவர். அவரும் தோழர்களும் இரவு நேரங்களில் பொலிஸ் வாகனங்களைப் பின்தொடர்ந்தனர். பொலிஸார் ஒருவரை மறித்து விசாரித்தால், சட்டம் அனுமதித்த தூரத்தில், கையில் துப்பாக்கியுடன் நின்று அதனைக் கவனித்தனர். மறிக்கப்பட்டவருக்குள்ள உரிமைகளை உரத்த குரலில் எடுத்துக் கூறினர். அவர்களைக் கைது செய்யப் பொலிஸாருக்குக் காரணம் கிடைப்பது அரிதாயிருந்தது.

இந்நிலையிலேதான், ஒக்லாண்ட் பகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினரான டொன் மல்போர்ட், 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி சட்டசபையில் 1591ஆம் இலக்க மசோதாவைக் கொண்டுவந்தார். அண்மையிலுள்ள றிச்மண்ட் நகரைச் சேர்ந்த ஜோன் நொக்ஸ் முதலிய ஜனநாயகக் கட்சியினரும் அதிலே பங்காளராயினர். ஆகவே, இதனை ஒரு கட்சியின் மசோதா என்று கூறுதல் பொருந்தாது. துப்பாக்கி உரிமையின் காவலராகப் பிற்காலத்தில் பெயர்பெற்ற தேசிய துப்பாக்கிச் சங்கமும் அன்று இதற்கு ஆதரவு நல்கியது. மசோதாவின் வாசகத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால், எவரை எண்ணி அது எழுதப்பட்டது என்பது சபையிலிருந்தோர் யாவருக்கும் தெரிந்திருந்தது.

கலிபோர்னியாவில் ஒரு மசோதா செல்லும் வழி நீண்டது. 80 உறுப்பினரைக் கொண்ட கீழ்ச்சபையிலும், 40 உறுப்பினரைக் கொண்ட செனற் சபையிலும் அது மும்முறை வாசிக்கப்படுதல் வேண்டும். இரு சபைகளிலும் குழுக்கள் அதனை ஆராய்ந்து திருத்தலாம், கிடப்பிலும் போடலாம். சாதாரண மசோதா நிறைவேறக் கீழ்ச்சபையில் 41 வாக்குகளும் செனற் சபையில் 21 வாக்குகளும் போதும். அதன் பின்னர் ஆளுநர் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்ட பின்னும் சட்டம் நடைமுறைக்கு வரச் சில காலம் செல்லும். கோபத்திற் பிறந்த மசோதா ஆறிப் போவதற்கும் இந்த நீண்ட வழி இடமளிக்கின்றது.

இம்மசோதாவுக்கு அந்த ஆறுதல் வாய்க்கவில்லை. 1967ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, சீலின் தலைமையில் ஆண்களும் பெண்களுமாக ஏறக்குறைய 30 பேர் தலைநகரான சக்கிரமென்டோவுக்குச் சென்றனர். அவர்களிற் பலர் துப்பாக்கி ஏந்தியிருந்தனர். அப்போது ஆளுநராயிருந்த றொனால்ட் றீகன், சட்டசபைக் கட்டிடத்தின் முன்றிலில் பள்ளிச் சிறுவரைச் சந்திக்கும் பொருட்டு வந்திருந்தார். செய்தியாளரும் படப்பிடிப்பாளரும் சூழ்ந்து வர, கட்சியினர் கட்டிடத்தினுள் நுழைந்தனர். பார்வையாளர் கூடத்தைத் தேடிச் சென்றவர்களிற் சிலர், உறுப்பினர்கள் அமர்ந்திருந்த மண்டபத்தினுள்ளேயே புகுந்துவிட்டனர். அவர்கள் வெளியேற்றப்பட்டனர், துப்பாக்கிகளும் பறிக்கப்பட்டன. ஆனால், அவற்றை வைத்திருப்பதில் சட்டமீறல் இல்லையெனக் கண்டு, பொலிஸார் அவற்றைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது! நியூட்டன் எழுதிய அறிக்கையைச் சீல் செய்தியாளர்முன் வாசித்தார். கறுப்பின மக்களை ஆயுதமற்றோராக்குவதே இம்மசோதாவின் நோக்கம் என்று அது குற்றஞ்சாட்டியது. அவர்கள் ஊர் திரும்பப் புறப்பட்டபின், அண்மையிலிருந்த எரிபொருள் நிலையத்தில் வைத்தே கைதாயினர்.

மசோதாவைத் தடுக்கச் சென்றோரின் செயல் அதற்கு வேகத்தையே கொடுத்தது. சட்டசபைக் கட்டிடத்தினுள்ளும் அதன் சுற்றுப்புறத்திலும் ரவை ஏற்றிய ஆயுதம் கொண்டுவருவதைத் தடைசெய்யும் வாசகங்கள் அதிலே சேர்க்கப்பட்டன. இன்னும் முக்கியமாக, அது அவசரச் சட்டமாக்கப்பட்டது. ஆளுநர் ஒப்பமிட்ட அன்றே நடைமுறைக்கு வரவேண்டிய சட்டத்துக்கு ஒவ்வொரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும். அதாவது கீழ்ச்சபையில் 54 வாக்குகளும் செனற் சபையில் 27 வாக்குகளும் வேண்டும். அவசரத்துக்குரிய காரணத்தையும் மசோதாவிலேயே எழுதுதல் வேண்டும். குழுக்களாகச் சேர்ந்து ஆயுதம் தாங்கிப் பொது அமைதிக்கு ஊறு செய்வோர் பெருகிவிட்டனர் என்பதே எழுதப்பட்ட காரணம். வேண்டிய வாக்குகள் இரு சபைகளிலும் கிடைத்தன. ஜூலை 28ஆந் திகதி றீகன் ஒப்பமிட்டார். மசோதா சபைக்கு வந்து நான்கு மாதம் நிறைவதற்குள் அது சட்டமாயிற்று.

நகர எல்லைக்குள் பொது வீதியிலோ பொது இடத்திலோ ரவை ஏற்றிய துப்பாக்கியைக் கையிலோ வாகனத்திலோ கொண்டு செல்லுதல் அன்று முதல் குற்றமாயிற்று. பொலிஸார், இராணுவத்தினர், வேட்டையாடுவோர், அனுமதிப்பத்திரம் பெற்றோர் முதலியோருக்கு விலக்குகள் இருந்தன. தம் வீட்டினுள் வைத்திருப்போரையும் சட்டம் தீண்டவில்லை. துப்பாக்கியில் ரவை உண்டா என்று சோதிக்கும் அதிகாரம் பொலிஸாருக்குக் கிடைத்தது. ஒக்லாண்ட் வீதிகளில் நிகழ்ந்த ஆயுதமேந்திய கண்காணிப்பும் முடிவுற்றது.

ஆயினும், அமைதி வந்துவிடவில்லை. சரியாக மூன்று மாதங்களின் பின், ஒக்டோபர் 28ஆந் திகதி, நியூட்டனின் வாகனம் மறிக்கப்பட்டபோது எழுந்த மோதலில் பொலிஸ் அலுவலர் ஒருவர் உயிரிழந்தார், நியூட்டனும் காயமுற்றார். துப்பாக்கியைப் பற்றிய சட்டம் மாறியதே தவிர, முறைப்பாட்டுக்குக் காரணமான உறவு மாறவில்லை.

பின்னர் காலமும் திசை மாறியது. வீதியில் குடிமகன் துப்பாக்கி ஏந்த வேண்டியதில்லை என்ற கருத்தை 1967இல் வெளியிட்ட றீகன், 1983ஆம் ஆண்டில் ஜனாதிபதியாகத் தேசிய துப்பாக்கிச் சங்கத்தின் மாநாட்டில் உரையாற்றினார். பதவியிலிருந்தவாறு அதனைச் செய்த முதல் ஜனாதிபதி அவரே. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி தாங்குதல் யாப்பு வழங்கிய உரிமை என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டளவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள், அனுமதிப்பத்திரமின்றியே மறைத்துச் செல்ல இடமளித்திருந்தன. கலிபோர்னியாவோ எதிர்த்திசையில் நின்றது. மேற்படி தீர்ப்பை அடுத்து, துப்பாக்கி கொண்டு செல்லத்தகாத இடங்களை வகுக்கும் புதிய மசோதா ஒன்று 2022இல் அதே சபைக்கு வந்தது. அதுவும் அவசர மசோதாவே. அதற்கும் 54 வாக்குகள் வேண்டும். ஒரேயொரு வாக்குக் குறைந்தமையால் அது வீழ்ந்தது. சாதாரண மசோதாவாகத் திரும்பி வந்த பின்னரே, 2023ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று.

நேயர்களே, மல்போர்ட் மசோதா நல்லதா, தீயதா என்று வினவுவோருக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் எளிதன்று. நெரிசலான நகர வீதியில் ரவை ஏற்றிய துப்பாக்கி வேண்டாம் என்பது நேர்மையான பலரும் ஏற்கக்கூடிய விதியே. சட்டசபையினுள் ஆயுதத்துடன் புகுந்த காட்சி எவரையும் கலங்கச் செய்திருக்கும் என்பதும் உண்மையே. ஆனால், அதே விதி அதற்கு முன்னரும் வேண்டியதாகவே இருந்தது. வேறு கைகள் துப்பாக்கி ஏந்தியிருந்த காலமெல்லாம் சபை அதனை அவசரமெனக் கருதவில்லை. சட்டத்தை ஓரெழுத்தும் பிசகாமல் கைக்கொள்வோம் என்று நின்றோர்முன், சட்டத்தின் எழுத்தே மாற்றப்பட்டது. அவர்கள் எழுப்பிய முறைப்பாட்டுக்கோ அந்த அவசரத்தில் ஒரு சிறு பங்கும் கிட்டவில்லை. ஒரு சபையின் நடுநிலையை அறிய விரும்புவோர், அது இயற்றிய சட்டத்தின் வாசகத்தை மாத்திரமன்றி, எவரைக் கண்டு அது விரைந்தது, எவருடைய குரலுக்குத் தாமதித்தது என்பதனையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.