நடுவட்டத்துக் கொயினா

முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் முன்னோர் வழங்கிய மலேரியாவுக்கு, பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் நம்பிய மருந்து, ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையாகும். பட்டைக்குப் பட்டை வீரியம் மாறுபட்டதால், நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு மருந்து போய்ச் சேர்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1820இல் பாரிஸ் நகர மருந்தாளுநர்களான பெல்தியேயும் காவந்தூவும் பட்டையிலிருந்து குயினைனைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே அளவை எடைபோட்டுச் சொல்லும் நிலை வந்தது. தாவரங்களில் இருந்துகொண்டு சிறிதளவே உட்கொண்டாலும் உடலில் வலுவாக வேலை செய்யும் இத்தகைய நைட்ரஜன் சேர்ந்த பொருள்களை ஆல்கலாய்டுகள் என்பர். சிங்கோனாவில் குயினைன் தவிர, குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என மேலும் மூன்று முதன்மையான ஆல்கலாய்டுகள் உண்டு. மக்கள் கொயினா என்று அழைத்த மருந்தின் நீலகிரி வரலாறு, பெரும்பாலும் இந்த மற்ற மூன்றும் ஒதுக்கப்பட்ட வரலாறே.

பட்டைக்குத் தென்னமெரிக்காவை நம்பியிருப்பது செலவு மிக்கதாகவும் உறுதியற்றதாகவும் இருந்தமையால், சிங்கோனாவை இந்தியாவில் பயிரிட ஆங்கில அரசு முடிவு செய்து, 1859இல் கிளமென்ட்ஸ் மார்க்கமிடம் அப்பணியை ஒப்படைத்தது. மார்க்கம் பெரு நாட்டில் தாமே திரட்டிய நாற்றுகள் நெடும்பயணத்தின் வெப்பத்தில் வாடிப் பயனற்றுப் போயின; ஆனால் ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் சேகரித்த செம்பட்டைச் சிங்கோனாவின் நாற்றுகள், கண்ணாடி மூடிய பெட்டிகளில் ராபர்ட் கிராஸின் பாதுகாப்பில் 1861இல் உதகமண்டலத்தை நல்ல நிலையில் அடைந்தன. எந்த இனம் பிழைத்தது என்ற இந்தத் தற்செயலே பின்னாளில் நீலகிரித் தோட்டங்களின் தலைவிதியைத் தீர்மானித்தது.

உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும், கூடலூர் செல்லும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் தோட்டங்களை எழுப்பினார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாட்டில் கீற்றுகளாக உரித்து, காயத்தின்மேல் பாசியைப் பொதிந்து கட்டினால் புதிய பட்டை வளர்வதோடு அதில் மருந்துச்சத்தும் மிகுதியாக இருப்பதை அவர் காட்டினார். நூல்கள் மெக்ஐவரின் பெயரைச் சொல்லும் அளவுக்கு, அந்தச் சரிவுகளைத் திருத்திய கைகளைப் பற்றிச் சொல்வதில்லை. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் சிறை வைக்கப்பட்டு இத்தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் அப்பகுதியிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்த சிலரின் குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் தம் இனவரைவியல் நூலில் பதிவு செய்துள்ளார்.

செம்பட்டை நீலகிரியில் செழித்து வளர்ந்தது. ஆயினும் அதில் குயினைன் குறைவாகவும் சிங்கோனிடினும் பிற ஆல்கலாய்டுகளும் மிகுதியாகவும் இருந்தன. அந்தப் பிற பொருள்களுக்குக் காய்ச்சலைத் தணிக்கும் ஆற்றல் உண்டா என்ற கேள்வி இதனால் அரசின் பணப்பையோடு நேரடியாகத் தொடர்புடையதாயிற்று. 1866இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலர் பட்டையை ஆய்வதற்கென நீலகிரியில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டு தொடங்கி 1868 வரை, நான்கு ஆல்கலாய்டுகளின் உப்புகளையும் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்பிடும் பணியில் மருத்துவக் குழுக்கள் ஈடுபட்டன. ஏறத்தாழ 3600 நோயாளிகளிடம் நடந்த இந்தச் சோதனையில், குளிரும் காய்ச்சலும் முறைவைத்து வருவது நின்றதா என்பதே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. நான்கு மருந்துகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோரிடம் பலன் தந்தன. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போன்ற இன்றைய விதிகள் அக்காலத்தில் இல்லை, மலேரியாக் கிருமியே 1880 வரை கண்டறியப்படவில்லை; அந்தக் குறைகளைக் கருதினாலும், பல மருந்துகளை ஒரே அளவுகோலில் இவ்வளவு பேரிடம் ஒப்பிட்டது மருந்தாய்வு வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத ஒரு முயற்சியே.

முடிவு தெளிவாக இருந்தும் சந்தை அதைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பிய ஆலைகள் பட்டையின் விலையை அதிலுள்ள குயினைனின் அளவைக்கொண்டே நிர்ணயித்தன. மருத்துவர்களும் வெள்ளைப் படிகமான குயினைனையே எழுதிக் கொடுத்தனர். இதற்கிடையே சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர், பொலிவியப் பழங்குடியினரான மானுவேல் இன்க்ரா மமானி திரட்டித் தந்த விதைகளில் ஒரு பகுதியை 1865இல் டச்சு அரசுக்கு விற்றார். டச்சு ஆட்சியிலிருந்த சாவகத்தில் (ஜாவாவில்) அவ்விதைகளிலிருந்து எழுந்த மரங்களின் பட்டையில் குயினைன் பத்து விழுக்காட்டையும் தாண்டியது. விதை கடத்த உதவிய குற்றத்துக்காக மமானி சிறையில் வதைபட்டு, விடுதலையான பின் விரைவிலேயே இறந்தார். இலங்கையில் காப்பி இலைநோயால் நொடிந்த தோட்டக்காரர்கள் 1880களில் பெருமளவில் சிங்கோனாவுக்கு மாறிப் பட்டையைச் சந்தையில் குவிக்க, விலை சரிந்தது. அவர்கள் தேயிலைக்குத் தாவினர், சாவகம் நிலைத்தது. 1913இல் பட்டை விளைவிப்போரும் ஆலைக்காரரும் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அமைப்பின்கீழ் உடன்பாடு செய்துகொண்டு விலையைத் தம் கைக்குள் வைத்தனர்.

வங்காளத்தில் டார்ஜிலிங் மலைப்பகுதியின் முங்பூவில் இருந்த அரசுத் தோட்டம் வேறு வழியை நாடியது. 1870களில் அங்கே சி. எச். வுட் என்ற வேதியியலர் செம்பட்டையின் ஆல்கலாய்டுகள் அனைத்தையும் பிரிக்காமல் ஒன்றாகவே இறக்கி, 'சிங்கோனாக் காய்ச்சல்நிவாரணி' என்ற பொருளுடைய பெயரில் மலிவான மருந்தை உருவாக்கினார். குமட்டல் தருகிறது என்ற குறை அதன்மேல் சொல்லப்பட்டது. அக்குறையில் உண்மையும் இருந்தது. எனினும் குயினைன் வாங்க இயலாத மருத்துவமனைகளில் அது பெருமளவில் பயன்பட்டது. 1892இல் ஜார்ஜ் கிங்கின் முயற்சியால் குயினைனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அஞ்சலகங்களில் காசு விலைக்கு விற்கும் முறை வங்காளத்தில் தொடங்கியது. மருத்துவரோ மருந்துக்கடையோ இல்லாத ஊர்களுக்கும் தபால்காரர் போகிறார் என்ற எளிய கணக்கே இதற்கு அடிப்படை. சென்னை மாகாணத்திலும், நடுவட்டத்தில் இருந்த அரசு ஆலை தயாரித்த கொயினா இவ்வாறே விற்பனைக்கு வந்தது. மலேரியா ஒழிப்பு வரலாற்றில் நோயைப் பரப்புவது கொசுவே என்று கண்டறிந்த ரொனால்ட் ராஸின் பெயருக்குக் கிடைக்கும் புகழில் சிறு பங்கேனும் அஞ்சலகப் பொட்டலத்துக்கு உரியது.

ஒதுக்கப்பட்ட ஆல்கலாய்டுகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பேசப்பட்டன. 1930களின் தொடக்கத்தில் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியா ஆணையம், ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவான மருந்தாக, சிங்கோனா ஆல்கலாய்டுகளின் கலவை ஒன்றுக்குத் தரம் வகுத்து அதற்கு டோட்டகுவினா என்று பெயரிட்டது. 1942இல் சாவகம் ஜப்பானியர் வசமாகி உலகின் குயினைன் வரத்தில் பெரும்பகுதி ஒரே வீச்சில் நின்றபோது, நேச நாடுகளும் தென்னமெரிக்கக் காட்டுப்பட்டையிலிருந்து இக்கலவையைத் தயாரித்துப் பயன்படுத்தின. நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருந்த அரசுத் தோட்டங்களுக்கும் எதிர்பாராத மதிப்பு வந்தது. போர் முடிந்ததும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட குளோரோகுயின் மலிவாகப் பரவியது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமோ வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிப்பதையே முதன்மையாகக் கொண்டது. பட்டைக்கு வாங்குவோர் அருகிப் போகவே, அரசின் சிங்கோனா நிலங்கள் படிப்படியாகத் தேயிலைக்கு மாறின.