கடிகாரம் ஜோடி சேர்ந்த கதை

கைக்கடிகாரத்துக்கு பிரெஞ்சு மொழியில் 'மோந்த்ர்' என்று பெயர். 'காட்டு' என்னும் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு 'வாட்ச்'. அது விழித்திருந்து காவல் காப்பதைக் குறிக்கிற சொல். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, பிறகு அரசு அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளோடு ஆயுளின் பாதியைக் கழித்தவன் நான். இந்த இரண்டு பெயர்களில் எது சரி என்று யாராவது கேட்டிருந்தால், சில வருடங்களுக்கு முன்புவரை தயங்காமல் பிரெஞ்சுக்காரன் பக்கம்தான் நின்றிருப்பேன். கடிகாரம் மணியைக் காட்டுகிறது, அவ்வளவுதானே? இப்போது நம் வயதுக்காரர்கள் மணிக்கட்டில் ஏறியிருக்கும் ஸ்மார்ட் வாட்சைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடற்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வாட்சை எதுக்குப்பா போனோட ஜோடி சேர்க்கணும்? நம்ம எச்எம்டி யாரைக் கேட்டு ஓடுச்சு?"

நியாயமான கேள்வி. ஆனால் எச்எம்டியும் தனியாக ஓடவில்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்எம்டி கடிகாரங்கள் வெளிவரத் தொடங்கியது 1961இல். காலையில் எழுந்ததும் சாவி கொடுப்போம். வானொலியில் செய்திக்கு முன்னால் வரும் 'பிப்' ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, கடைசி 'பிப்'பில் திருகை அமுக்கி நிமிட முள்ளைச் சரிசெய்வோம். அதுவும் ஒரு ஜோடி சேர்ப்புதான். நடுவில் நம் விரல் இருந்ததால் நமக்கு அது தெரியவில்லை. எந்தச் சிறிய கடிகாரமும் தன்னைவிடப் பெரிய, நம்பகமான ஒரு கடிகாரத்தின் மேல் சாய்ந்துதான் வாழ்ந்திருக்கிறது.

நடுவில் இருந்த அந்த விரலை முதலில் அகற்றப் பார்த்தவர் பாரிஸில் தொழில் செய்த ஆபிரகாம்-லூயி ப்ரெகே. 1747இல் சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெலில் பிறந்தவர். ராணி மரி அந்த்வானெத் இவருடைய வாடிக்கையாளர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடிய நாட்களில், 1793இல், பாரிஸைவிட்டுச் சுவிட்சர்லாந்துக்குப் போய் ஒளிந்திருந்தார். தப்பித்துத் திரும்பிய 1795ஆம் ஆண்டில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஒரு புதுவகைக் கடிகாரத்தைக் கண்டுபிடித்திருப்பதாகக் குதூகலத்தோடு தெரிவிக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பாந்த்யுல் சேம்பத்தீக்'. ஒத்த உணர்வு கொண்ட கடிகாரம் என்று சொல்லலாம்.

மேசைமேல் வைக்கும் கனமான கடிகாரம் அது. அதன் தலையில் பிறை வடிவில் ஒரு தொட்டில் இருக்கும். எஜமானர் இரவு படுக்கப் போகும்போது சட்டைப்பையில் இருக்கும் கடிகாரத்தை எடுத்து அந்தத் தொட்டிலில் வைத்துவிட வேண்டும். குறிப்பிட்ட மணி ஆனதும் மேசைக் கடிகாரத்திலிருந்து மெல்லிய ஊசி ஒன்று எழும்பி, பைக் கடிகாரத்தின் விளிம்பில் உள்ள துளைக்குள் நுழைந்து, அதன் நிமிட முள்ளைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். பின்னால் வந்தவற்றில் சாவி கொடுக்கும் வேலையையும் பெரிய கடிகாரமே பார்த்துக்கொண்டது. இன்று நாம் இரவில் வாட்சைச் சார்ஜரில் மாட்டிவிட்டுப் படுக்கிறோமே, அதே பழக்கம்தான். மின்சாரம் மட்டும் இல்லை.

அரச குடும்பத்தார்தான் வாங்க முடிந்த பொருள் அது. ஓர்லேயான் கோமகனுக்காகச் செய்யப்பட்ட ஒன்று 2012இல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்துக்கு வந்து ஏறக்குறைய 68 லட்சம் டாலருக்குப் போனது. நான் கவனித்தது விலையை அல்ல, அதிலுள்ள ஒரு நிபந்தனையை. அந்தத் தொட்டிலில் வேறொரு கடிகாரத்தை வைத்தால் வேலை நடக்காது. அதற்கென்றே செய்த கடிகாரம் வேண்டும். இன்றைய 'பேரிங்' என்பதன் சாரம் 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது: ஒன்றுக்கு ஒன்று, இன்னொருவருக்கு இடமில்லை.

சாமானியர்களுக்கு நேரம் கொடுக்க பாரிஸ் வேறு வழிகளைத் தேடியது. 1880இல் தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தக் காற்றை அனுப்பி, பொது இடத்துக் கடிகாரங்களின் முட்களை நகர்த்தினார்கள். 1927 வரை அது நடந்தது. அதன்பின் 1933 பிப்ரவரி 14 அன்று பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநர் எர்னெஸ்த் எஸ்க்லாங்கோன் 'பேசும் கடிகார'த்தைத் தொடங்கிவைத்தார். தொலைபேசியில் கூப்பிட்டால் ஒரு குரல் மணி சொல்லும். முதல் நாளே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அழைப்புகள் வந்தன, இருந்ததோ 20 இணைப்புகள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது 'என்கேஜ்டு' ஓசைதான். நேரம் தெரிந்துகொள்ளத் தொலைபேசியிடம் போகும் பழக்கம், பாருங்கள், தொண்ணூறு ஆண்டுப் பழக்கம். அந்தச் சேவையை 2022 ஜூலை 1ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் போக்கு ஒரே திசையில்தான். பெரியது கொடுக்கும், சிறியது வாங்கும். கொடுக்கப்பட்டதும் நேரம் ஒன்றுதான்.

1984இல் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் கணினியோடு கம்பியால் இணைக்கும் கைக்கடிகாரம் ஒன்றை விற்றது. முகவரி, நாட்குறிப்பு போன்றவற்றைக் கணினியில் தட்டச்சு செய்து கடிகாரத்துக்குள் ஏற்றலாம். அதைவிட வேடிக்கையானது 1994இல் டைமெக்ஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து வெளியிட்ட 'டேட்டாலிங்க்'. இதில் கம்பியும் கிடையாது, வானொலி அலையும் கிடையாது. கணினித் திரைக்கு முன்னால் கடிகாரத்தை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் வெள்ளைக் கோடுகள் மினுக்கி மினுக்கி மறையும். கடிகார முகத்தில் உள்ள சிறு கண் அந்த மினுக்கலைப் படித்துத் தொலைபேசி எண்களாகவும் சந்திப்பு நேரங்களாகவும் மாற்றிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள்கூட இதைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் பழைய குமிழ்த் திரையில்தான் இந்த வித்தை பலித்தது. மடிக்கணினியின் தட்டைத் திரை அப்படி மினுக்காது என்பதால், அதற்குத் தனியாக ஒரு சாதனம் விற்க வேண்டியதாயிற்று.

அதே 1994இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்துப் பொறியாளர் யாப் ஹார்ட்சென் குறுந்தூர வானொலி இணைப்புக்கான வேலையைத் தொடங்கியிருந்தார். ஸ்வென் மாட்டிசன் பின்னர் அவரோடு சேர்ந்தார். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் கூடி ஓர் அமைப்பு வைத்தன. இன்டெல்லில் இருந்த ஜிம் கார்டக், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் 'நீலப்பல்' ஹரால்டின் பெயரைத் தற்காலிகமாக வைக்கலாம் என்றார். சிதறிக் கிடந்த கூட்டங்களை ஒன்று சேர்த்தவன் என்பது அவன் பெருமை. நிரந்தரப் பெயர் சரியாக அமையாததால் தற்காலிகமே நிலைத்துவிட்டது. எங்கள் அலுவலகத்திலும் தற்காலிக ஊழியர் பலர் அப்படித்தான் ஓய்வுபெறும் வரை இருந்தார்கள். நம் போனில் தெரியும் அந்த முறுக்கிய நீல அடையாளம், ஹரால்டு பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் லிபியில் ஒட்டியது.

புளூடூத் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் அங்கேதான் நெரிசல் செய்கின்றன. அதனால் இரண்டு கருவிகளும் ஒரே இடத்தில் நின்று பேசாமல், முன்கூட்டிப் பேசிவைத்த வரிசையில் தாவித் தாவிப் பேசுகின்றன. பழைய முறையில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1,600 தாவல். 2010இல் மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவிடும் வகை வந்த பிறகுதான், பொத்தான் அளவு மின்கலத்தோடு வாட்ச் போனுடன் நாள்கணக்கில் பேசிக்கொண்டிருக்க முடிந்தது.

ஜோடி சேர்க்கும்போது இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று வருகிறதே, அதைப் பலர் பார்க்காமலே 'சரி' என்று அமுக்கிவிடுகிறார்கள். அதன் காரணத்தைச் சொல்கிறேன். வாட்சும் போனும் திறந்த வெளியில் ஒன்றிரண்டு எண்களைப் பரிமாறிக்கொண்டு, கேட்டவருக்குப் புரியாத ஒரு பொது ரகசியத்தைத் தமக்குள் உருவாக்கிக்கொள்கின்றன. டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட கணக்கு அது. ஒட்டுக்கேட்பவரால் ஒன்றும் ஆகாது. ஆனால் நடுவில் ஒருவன் புகுந்து, வாட்சிடம் 'நான்தான் போன்' என்றும், போனிடம் 'நான்தான் வாட்ச்' என்றும் சொன்னால்? பெண் வீட்டாரிடம் ஒரு கதை, மாப்பிள்ளை வீட்டாரிடம் வேறு கதை சொல்லும் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் நேரில் உட்கார்ந்து ஒப்பிட்டால் தரகரின் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த ஆறு இலக்கம் அத்தகைய ஒப்பீடு. இரண்டிலும் ஒரே எண் என்றால் நடுவில் தரகர் இல்லை. திரையே இல்லாத கருவிகளில் இந்த வசதி கிடையாது, வாட்சில் இருக்கும்போது ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அமுக்குங்களேன். ஒருமுறை சேர்ந்த பிறகு இருவரும் அந்த ரகசியத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள். பழைய வாட்சை மருமகனுக்கோ வேலைக்கார அம்மாவின் பிள்ளைக்கோ கொடுக்கும் முன் அந்த உறவை முறையாக முறித்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

2012இல் பெப்பிள் என்ற சிறிய நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடமே பணம் கேட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. போனுக்கு வரும் செய்தியை மணிக்கட்டில் காட்டும் எளிய வாட்ச். நிறுவனம் நொடித்து 2016இல் கைமாறியது, 2018 ஜூனில் அதன் சர்வர்களும் அணைக்கப்பட்டன. கடிகாரம் பழுதில்லாமல் கையில் இருக்க, அதன் வசதிகள் பல ஒரே நாளில் போயின. ஆர்வலர்கள் சேர்ந்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தது வேறு கதை. இறந்தவர் கையிலிருந்து கழற்றிய எச்எம்டி பேரன் கையில் ஓடுவதைப் பார்த்த நமக்கு, இது உறைக்கிறது.

2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் வந்தது. அதை ஜோடி சேர்க்கும்போது வாட்சின் திரையில் நீலப் புள்ளிகள் மேகம்போலச் சுழலும், போனின் கேமரா அதைப் பார்த்துப் படிக்கும். டைமெக்ஸ் வித்தைதான். ஒரு வித்தியாசம் உண்டு. 1994இல் கடிகாரம் கண்ணைத் திறந்து பெரியதைப் படித்தது. இப்போது பெரியது கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் படிக்கிறது.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இந்தத் திசை மாற்றம்தான். ப்ரெகேயின் ஊசி நேரத்தை உள்ளே தள்ளியதே தவிர, எஜமானரைப் பற்றி எதையும் வெளியே எடுத்துப் போகவில்லை. இன்றைய வாட்ச் போனிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நம் நாடித் துடிப்பையும் தூக்கத்தையும் நடந்த தூரத்தையும் கொடுக்கிறது. போன் அதை எங்கே அனுப்புகிறது என்பது நாம் படிக்காமல் சம்மதித்த பக்கங்களில் இருக்கிறது. வாட்ச் என்ற ஆங்கிலப் பெயருக்கு ஏற்ற பொருள் இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

இதைத் தீமை என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கும் வயதானவர் குளியலறையில் விழுந்தால் தானே ஆளைக் கூப்பிடும் கருவியை வேண்டாம் என்பது வீம்பு. ஆனால் யாருடைய போனோடு ஜோடி சேர்ப்பது என்ற கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. புதுவையில் சொல்தா குடும்பங்கள் மட்டுமல்ல, பாதித் தெருக்களின் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது அப்பாவுக்கு ஆப்பிள் வாட்ச் வாங்கி வருகிறார்கள். அப்பாவிடம் இருப்பதோ ஆண்ட்ராய்டு போன், அதோடு அந்த வாட்ச் சேரவே சேராது. அலமாரியில் பட்டுத்துணி சுற்றிக் கிடக்கும் வாட்ச் இரண்டை நானே பார்த்திருக்கிறேன். 2020 முதல் ஆப்பிள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: தனி சிம் வசதி கொண்ட வாட்சாக இருந்தால், மகனின் போனிலேயே அப்பாவின் வாட்சைச் சேர்த்துவிடலாம். அறிமுகப்படுத்தியபோது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் என்று ஒரே மூச்சில் விளம்பரப்படுத்தினார்கள்.

அந்த 'ஒரே மூச்சு' எனக்குப் பிடிக்கவில்லை. என் நாடித் துடிப்பு முதலில் என் போனுக்கு வரட்டும், அங்கிருந்து எதைப் பகிர்வது என்பதை நான் முடிவு செய்கிறேன் என்று பாரிஸில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கோப்பு வேணும்" என்று சிரித்தாள். பிறகு ஆண்ட்ராய்டோடு சேரும் வாட்ச் ஒன்றை இங்கேயே வாங்கினோம். துடிப்பின் கணக்கை வாரம் ஒருமுறை அவளுக்கு நானே அனுப்புகிறேன். விழுந்தால் கூப்பிட வேண்டிய எண்ணாக மட்டும் எதிர்வீட்டுக்காரரின் எண்ணைப் பதிந்திருக்கிறேன். அவரிடம் எங்கள் வாசற்கதவின் மாற்றுச் சாவி இருக்கிறது.